கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

கேள்வி:

டொக்டர் ஐயா, நான் நமுனுகுலயில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 39. எனக்குப் பின்னால் ஒரே தம்பி, அவனுக்கு 33. பதினொரு வருசத்துக்கு முன்னால் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த நேரம் அவனுக்குச் சுகமில்லாமல் போனது. எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ராத்திரி தூங்கமாட்டான். கோடங்கி பார்த்தோம், கயிறு மந்திரித்துக் கட்டினோம், கதிர்காமத்துக்கும் கூட்டிப் போனோம். பிறகு பதுளை ஆஸ்பத்திரி, அங்கிருந்து அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. மாத்திரையை விட்டதும் திரும்ப வந்துவிடும். மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. கிளினிக் கொப்பியில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒன்றரை வருசமாக ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறான். மாசம் ஒருக்கா ஊசி, ராத்திரிக்கு ஒரு மாத்திரை. நன்றாக இருக்கிறான். "வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று போன மாசம் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு லயத்தில் ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தான். வீட்டுக்காரர், நான், இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் இந்த வருசம் ஓ.எல். எழுதுகிறாள். அம்மா இருந்தவரை தம்பி அம்மாவோடு அதே லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தான். போன வருசம் அம்மா தவறிவிட்டது. அந்தக் காம்பராவில் இப்போது விறகு போட்டு வைத்திருக்கிறோம். "அங்கொடை கேசை லயத்துக்குள்ள கொண்டாராதீங்க" என்கிறார்கள் பக்கத்தில். முன்பு காமன் கூத்துக்குத் தப்பு அடிக்க இவனைத்தான் தேடி வருவார்கள். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார்.

இரண்டு வழி சொல்கிறார்கள். கொழும்புப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறதாம். மாசா மாசம் காசு கட்டினால் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வார்களாம். மற்றது, எங்கள் மேல் டிவிசனில் மூடிக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவைத் திருத்தி, இவனைப் போல 20 பேரை வைத்துப் பார்க்க ஒரு அமைப்பு முயற்சி செய்கிறது. சமையலுக்கும் பார்த்துக்கொள்வதற்கும் என்னை வரச் சொல்கிறார்கள். தம்பியையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாமாம். நான் எட்டாம் வகுப்புத்தான். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வதென்றால் என்ன செய்ய வேண்டும்? தம்பியை எங்கே வைப்பது? வைத்தால் பாவமா, வைக்காவிட்டால் பாவமா என்று தெரியாமல் தூக்கமில்லை.

– பெயர் வேண்டாம், நமுனுகுல

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பாவக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஒரே காம்பராவுக்குள் அவனை வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதால் நீங்கள் அவனைக் கைவிட்டவராக மாட்டீர்கள். வைத்துக்கொள்வது அவனுக்கே நல்லதில்லை. இதை உங்கள் மனம் ஆறுவதற்காகச் சொல்லவில்லை. 1950களில் லண்டனில் ஜோர்ஜ் பிரவுண் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், மனநோய் ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு போனவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தாய் தகப்பனோடோ மனைவியோடோ போய் இருந்தவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம். வாடகை அறையில் இருந்தவர்களும் சகோதரங்களோடு இருந்தவர்களும் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆராய்ந்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை.

ஏன் என்று பல வருடம் தோண்டினார்கள். வீட்டார் நோயை உண்டாக்குகிறார்கள் என்பது இல்லை. ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மிஞ்சிய பொத்திப் பொத்தி வளர்ப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிற வீட்டில், முகத்துக்கு முகம் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் கழிக்க நேர்ந்தால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது என்று கண்டார்கள். இப்போது உங்கள் லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்றில் ஐந்து பேர். மழை பிடித்தால் எல்லாரும் உள்ளே. ஒருத்தி படிக்க வேண்டும், ஒருத்தர் தூங்க வேண்டும், அடுப்புப் புகை. நல்ல சுகதேகிகளே முறைத்துக்கொள்ளும் இடம் அது. முப்பத்தைந்து மணித்தியாலம் சில நாளிலேயே முடிந்துவிடும். அதே ஆய்வைப் பின்னாளில் இந்தியாவில் சண்டிகாரில் செய்தபோது நம்மைப் போன்ற குடும்பங்களில் குறை சொல்லும் பழக்கம் லண்டன் வீடுகளைவிடக் குறைவு என்று தெரிந்தது. சந்தோசம்தான். ஆனால் சண்டிகாரில் யாரும் லயத்துக் காம்பராவை அளந்து பார்க்கவில்லை.

பெரிய பெண் பிள்ளைகள் இருக்கும் ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த ஆண் ஒருவரைப் படுக்க வைக்கத் தயங்குவதும் நியாயம்தான். சுகமாக இருக்கிற மாமனுக்கே அது சங்கடம். அதை நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் இதையே சொல்லுங்கள், அவருக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

பிறகு எங்கே? அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டு, அதன்மேல் விறகையும் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அம்மாவின் காம்பரா. அவனுக்குப் பழகிய இடம். உங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. திரும்ப எழுந்து நின்றவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு கூப்பிடு தூரம் இருந்திருக்கிறது. ஒரே பாயில் இல்லை, ஒரே ஊரில். அவனுக்கென்று ஒரு கதவு, அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் ஓர் அக்கா.

காம்பரா கம்பனியுடையது என்பது எனக்குத் தெரியும். யார் பெயரில் இருந்தது, அம்மாவுக்குப் பிறகு யாருக்கு என்ற கேள்வி வரும். தோட்டத் தலைவரைச் சேர்த்துக்கொண்டு துரைக்கு எழுத்தில் கொடுங்கள். தம்பியின் பெயர் செக்ரோலில் இல்லை என்றால் உங்கள் பெயரில் கேளுங்கள். "விறகு காம்பரா" என்று நாலு பேர் சொல்லத் தொடங்கிவிட்டால், நாளைக்கு வேறு யாருக்காவது போய்விடும். இதில் மட்டும் தாமதம் வேண்டாம்.

இனி அந்தக் கொழும்புப் பக்கத்து இல்லம். எல்லா இல்லத்தையும் ஒரே தராசில் போட மாட்டேன். மனிதரை மனிதராக நடத்தும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் "ஆயுசுக்கும்" என்று முதல் நாளே சொல்கிறார்களே, அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதுக்காரனுக்கு ஆயுள் தீர்ப்பு எழுத அவர்கள் யார்? போய்ப் பார்ப்பதென்றால் சொல்லாமல் போங்கள், பகல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டு, உள்ளே போகக் கேளுங்கள். வாசலில் செருப்புகள் கிடக்கின்றனவா, ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி என்று? முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறதா? எல்லாத் தலையும் ஒரே மாதிரி மழித்திருக்கிறதா? கக்கூசுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? அங்கே இருப்பவர் ஒருவரைக் காட்டி, பொறுப்பாளரிடம் அவருடைய பெயரையும் ஊரையும் கேளுங்கள். யோசித்தாரென்றால் கிளம்பிவிடுங்கள். போன வருசம் இங்கிருந்து எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அது கிட்டங்கிதான். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் விசாரித்துச் சொல்வார்.

இன்னொன்று, பாசை. அங்கே தமிழ் பேசுகிற ஒருவராவது இருக்கிறாரா? மலைநாட்டிலிருந்து அங்கொடைக்குப் போய் வந்த ஒருவரிடம் "அங்க யாரோட பேசுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ரேடியோவோட" என்றார். தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்குக் காத்திருப்பாராம். காதில் கேட்கும் குரல்களைப் பற்றித் தன் மொழியில் ஒருவரிடம் சொல்ல முடியாமல் நாலு மாதம் இருந்தவரை "ஒத்துழைக்கிறார், அமைதியாக இருக்கிறார்" என்று கொப்பியில் எழுதியிருந்தார்கள்.

தூரத்தையும் யோசியுங்கள். பதுளையில் காலை ரயில் ஏறினால் கொழும்பு போய்ச்சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் பேரும் கூலியும் போச்சு, இரண்டு நாள் போச்சு என்று கணக்குப் பார்த்து, மாதம் ஒரு தடவை என்பது தீபாவளிக்கு ஒரு தடவை ஆகும். பிறகு காசு மட்டும் போகும். இது உங்கள் குணத்தில் உள்ள குறையாக இருக்காது, மலையிலிருந்து கொழும்புக்கு உள்ள தூரம் அப்படி.

தமிழர்கள் யாரும் இதில் ஏர்வாடியை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. தமிழ்நாட்டில், இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவுக்கு நோயாளிகளைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருகிற ஊர் அது. சுற்றிலும் கொட்டகை போட்டு, மாதக் காசு வாங்கிக்கொண்டு "பார்த்துக்கொண்டார்கள்". 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி. 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த பலரும் பாசமில்லாதவர்கள் இல்லை. காசு கட்டிய ரசீதை வைத்திருந்தவர்கள்தான்.

பெல்ஜியத்தில் கீல் என்று ஒரு சிற்றூர் உண்டு. அதுவும் ஒரு புனிதத் தலம்தான், அங்கேயும் மனம் குழம்பியவர்களைக் கூட்டிக்கொண்டு யாத்திரை வந்தார்கள், கோயிலில் இடம் போதவில்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவராகத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அறுநூறு, எழுநூறு வருடமாக இன்றுவரை அந்த வழக்கம் தொடர்கிறது. 1930களின் கடைசியில் 3,700க்கு மேற்பட்டவர்கள் அப்படி வீடுகளில் தங்கி, வயலிலும் பட்டறையிலும் ஊரோடு ஊராக இருந்தார்கள். நோயும் அதேதான், நேர்த்தியும் அதேதான். ஓர் ஊர் கொட்டகை போட்டது, மற்ற ஊர் திண்ணையில் இடம் விட்டது.

அடுத்தது உங்கள் மேல் டிவிசன் பிள்ளைக் காம்பரா. அந்த அமைப்புக்காரர்களின் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 20 பேர் வேண்டாம். மேல் டிவிசனும் வேண்டாம். ஒரு கூரைக்கு அடியில் 20 பேர் என்றால் மணி அடித்துத்தான் சாப்பாடு போட வேண்டும், வரிசையில் நிற்க வைத்துத்தான் மாத்திரை கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் கேற்றுக்குப் பூட்டு வரும். சின்ன அங்கொடை ஒன்றை மலை உச்சியில் கட்டி முடித்திருப்பார்கள்.

சென்னையில் "தி பேன்யன்" என்ற அமைப்பைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் 1993இல் தொடங்கியது. தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்கு முதலில் ஓர் அடைக்கலம் நடத்தினார்கள். பலர் குணமாகிச் சொந்த ஊர் திரும்பினார்கள். ஆனால் போக இடமில்லாத சிலர் வருடக்கணக்கில் அடைக்கலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 2015இல் "ஹோம் அகெய்ன்" என்ற திட்டத்தைத் தொடங்கி, சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு நாலைந்து பேர். கூட இருந்து உதவ, பெரும்பாலும் அந்தந்தப் பகுதியிலிருந்தே ஆட்கள், உங்களைப் போலப் பெரிய படிப்பில்லாத பெண்களும்தான். கடைக்குப் போவது, சமைப்பது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, சண்டை பிடிப்பது, சமாதானமாவது எல்லாம் அந்த வீட்டுக்குள் உண்டு. பல வருடம் வாட்டில் பேசாமல் கிடந்தவர்களும் அப்படிக் குடியிருந்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் உலகத்துக்கே முன்மாதிரியாகச் சில சேவைகளைத் தேர்ந்தெடுத்து ஓர் அறிக்கை போட்டது. அதில் இதுவும் ஒன்று.

நம் இலங்கையில் சட்டம் பழையது, மனசு கொஞ்சம் புதியது. மனநோய் பற்றிய நமது கட்டளைச் சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் போட்டது. யாரை எப்படி உள்ளே அனுப்புவது என்பதுதான் அதன் கவலை. 2005இன் மனநலக் கொள்கை வந்த பிறகு சிகிச்சை மாவட்டங்களுக்குப் பரவலாக இறங்கத் தொடங்கியது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. அதனால் உங்கள் தம்பியை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்பதற்கு முன் ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டும். கடிதத்தில் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், பக்கத்து வீடு என்ன சொல்கிறது, அமைப்பு என்ன சொல்கிறது எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. அடுத்த தடவை பார்க்கப் போகும்போது கேளுங்கள்.

அமைப்புக்காரர்கள் சம்மதித்து, பஸ் ரோட்டுக்கும் கடைக்கும் கிட்ட, நாலைந்து பேருக்கு ஒரு வீடு என்று மாற்றிக்கொண்டால் அந்த வேலைக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் தம்பி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவளும் நீங்கள், அக்காவும் நீங்கள் என்றால், கோபம் வந்தால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அவனுக்கு அம்மாவின் காம்பரா. அந்த வீடு, அப்படி ஒரு காம்பராகூட இல்லாதவர்களுக்கு.

பார்த்துக்கொள்வதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஐந்து பெண்கள் இருந்த வீடு. பார்த்துக்கொள்ள ஒரு அம்மா, நல்ல சுறுசுறுப்பு. விடிய ஐந்துக்கு எழும்பி, ஒன்பதுக்குள் பகல் சமையலும் முடித்துவிடுவார். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். ஐவரும் சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் நாற்பது வயதிருக்கும், பேச்சில்லை, எந்நேரமும் குசினி நிலைப்படியில் வந்து நிற்பார். "போய் உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அந்த அம்மா அனுப்பிவிடுவார். மாதக்கணக்கில் இப்படி. ஒருநாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். நான் போன நேரம் குசினியில் சத்தம். நிலைப்படியில் நிற்கிறவர் திருவலைக் குற்றியில் குந்தி உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மியில் கொச்சிக்காய். கை பழக்கத்தில் ஓடுகிறது, ஓட்டைச் சுரண்டாமல் வெள்ளை மட்டும் விழுகிறது. ரொட்டி கொஞ்சம் கருகல், சம்பலில் உப்பு நெருப்பாக எரித்தது. ஆறு பேரும் சாப்பிட்டோம். "உப்புக் கூடிப்போச்சு" என்றார். அந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை.

அந்தச் சுறுசுறுப்பான அம்மா அன்பில் குறைந்தவர் இல்லை. அவர் கை ஓயாமல் ஓடியதால் மற்றவர்களின் கைகள் மறந்துபோயின. இந்த வேலையில் கஷ்டமான பகுதி, செய்யாமல் இருப்பது. ஒருவர் அரை மணி நேரம் எடுத்துச் சட்டைக்குப் பொத்தான் போடுவதைப் பார்த்துக்கொண்டு, கை நீட்டாமல் இருக்க வேண்டும். பழகிய கொழுந்துக்காரிக்கு இது எளிதாக வராது, வேகம்தானே உங்கள் தொழில். ஆனால் புதுசாக மலைக்கு வரும் பிள்ளைக்குக் கொழுந்து எடுக்கக் காட்டிக் கொடுத்திருப்பீர்கள் இல்லையா? பக்கத்து நிரையில் நின்றுகொண்டு, உங்கள் கூடையையும் பார்த்துக்கொண்டு, அவளையும் ஒரு கண் பார்ப்பீர்களே, அதுதான்.

மாத்திரை விசயம். சம்பலிலும் தேத்தண்ணியிலும் தெரியாமல் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய. வேண்டாம். ஒருநாள் தெரியவரும், அன்றைக்கு மாத்திரையோடு உங்கள் கைச் சாப்பாட்டையும் விட்டுவிடுவான். முதலில் டப்பா உங்களிடம் இருக்கட்டும், அவனே எடுத்து உங்கள் முன்னால் போடட்டும். பிறகு ஒரு கிழமைக்கானதை அவனிடம் கொடுங்கள். சரியாக ஓடினால் ஒரு மாதத்துக்கானது. ஊசித் திகதியைக் கலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வரும்போதே, இனி எந்த கிளினிக், எந்த நாள், பதுளையா பசறையா என்று கடிதத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த மருந்துக்குக் காசில்லை, பஸ் காசு மட்டும்தான். நன்றாக இருக்கிறான் என்று நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூச்சல் போட்டான் என்று கூட்டவும் வேண்டாம்.

காலையில் எழும்பமாட்டான். பெரட்டுக்கு எல்லாரும் போன பிறகும் போர்த்திக்கொண்டு கிடப்பான். லயமே "சோம்பேறி" என்னும். பாதி மருந்தின் வேலை, பாதி நோயின் மிச்சம். கை நடுக்கம், வாயில் எச்சில், உடம்பு பெருப்பது, இவற்றையும் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். நேரத்தை மாற்றலாம், வேறு மருந்தும் இருக்கிறது. சர்க்கரை அள்ளிப் போட்டுச் சாயத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மட்டும் குறைக்கப் பாருங்கள், இந்த மருந்துகளோடு நீரிழிவு சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

காசு. பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு எழுதிப் போடுங்கள், கிளினிக் டொக்டரின் கடிதம் வேண்டிவரும். வந்தால் அது அவனுடையது. அரிசிக்குப் பங்கு கேளுங்கள், நியாயம். மிச்சத்தை அவன் கையில் கொடுங்கள். பீடி வாங்குவான், இருக்கட்டும், நாம் எல்லாரும் காசைப் புத்திசாலித்தனமாகவா செலவழிக்கிறோம்? அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். இருப்பவர்களைப் புல்லு வெட்டவும் கொழுந்துக்கும் அனுப்பிவிட்டு "இது சிகிச்சை" என்று கூலியை நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. வேலை செய்தால் பேர் அவருக்கு விழ வேண்டும், சம்பளமும் அவர் கையில்.

நோய் திரும்புமா என்று பயம் இருக்கும். திரும்பலாம். மூன்று தடவையும் திரும்புவதற்கு முன் என்ன நடந்தது என்று அவனோடு உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் உண்டு. ஒருவர் ரேடியோவைத் துணி போட்டு மூடுவார், ஒருவர் குளிப்பதை விடுவார், பலருக்கு முதலில் தூக்கம் போகும். இரண்டு இரவு தூக்கம் போனால் அக்கா கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம் என்று அவனே சம்மதித்து எழுதட்டும். சுகமாக இருக்கும்போது அவன் தந்த அந்த வார்த்தை, சுகமில்லாதபோது பத்துப் பேர் பிடித்து இழுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. அங்கொடைக்கு இப்போது அதுதான் பெயர். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

கோடங்கியோடு சண்டை வேண்டாம். கயிறு கட்டட்டும், விபூதி போடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, கட்டிப் போட்டாலோ மட்டும் நீங்கள் எழும்பி வந்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டாரை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது. அவர்கள் கண்ட தம்பி, நோய் முற்றிய நாளின் தம்பி, அதற்கு முந்தியவனை அவர்களும் மறந்துவிட்டார்கள். மாசி வந்தால் காமன் கூத்துக்கு ஆள் சேர்ப்பார்களே, அப்போது பழைய கூட்டாளி ஒருவரைப் பிடித்து "தப்பு காய்ச்ச ஒரு கை குறையுது, வாறியா?" என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவர்கள் கேட்கட்டும். முதல் வருசம் அடிக்க வேண்டாம், வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டிக் கொடுத்தால் போதும். சத்தமும் கூட்டமும் இரவு விழிப்பும் அவனுக்குக் கூடிப் போனால், காம்பராவுக்குத் திரும்பிவிட வழி இருக்க வேண்டும். அதற்கும் அவனுக்கென்று ஒரு கதவு வேண்டும்.

ஒரேயடியாகக் கூட்டி வராதீர்கள். முதலில் இரண்டு இரவு, திரும்பப் போகட்டும். பிறகு ஒரு கிழமை. புனர்வாழ்வு நிலையத்தில் இதற்கு விடுமுறை தருவார்கள், கேளுங்கள். இரவுச் சாப்பாடு உங்கள் வீட்டில், மற்றதை அவன் பொங்கிக்கொள்ளட்டும். அந்த ஒரு நேரச் சாப்பாட்டில் யாரும் அவனுக்குப் புத்தி சொல்லக்கூடாது, உங்கள் வீட்டுக்காரரும் சேர்த்து.

இந்த ஞாயிற்றுக்கிழமை விறகை வெளியே எடுத்து இஸ்தோப்பில் அடுக்குங்கள். ஒரு சாக்குச் சுண்ணாம்பு போதும், பாதியை அவன் வந்து அடிக்க மிச்சம் வையுங்கள். பதுளைக்குப் போகும்போது நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு சாவி வரும். இரண்டையும் அவனிடம் கொடுங்கள். ஒன்றை அவன் திருப்பித் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.